வெள்ளைக் கல், பாலேட்டு நிறக் கல்: வட இங்கிலாந்தில் ஐந்து நாள்

முதல் நாள்: சால்ஃபோர்டு

போல்ட்டனில் எங்கள் வீட்டுக்கு ஒட்டிய வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே குடிவந்த அன்று, வேலியோரம் நின்றிருந்த அவரை, பழக்கதோஷத்தில் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டுவிட்டேன். வயதானவர்களையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் இந்த ஊர் மரியாதை என்று அலுவலக நண்பர்கள் முன்னமே சொல்லியிருந்ததால், கூப்பிட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, தான் பிறந்த தெருவில் அம்மாவைத் தவிர மற்றப் பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான் என்றும், அந்தத் தெருவை இடித்தபோது அந்தச் சொல்லும் கூடவே போய்விட்டது என்று நினைத்திருந்ததாகவும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் ஆன்ட்டிதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மா, குளிரைப் பொருட்படுத்தாமல் விடியற்காலையில் எங்கள் வாசற்படிக்குக் கீழே ஒரு சிறு கோலம் போட்டதை ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ‘உங்கள் ஊரிலும் படிக்கு வெள்ளை போடுவீர்களா?’ என்று அவர் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. ஐம்பதுகளில் வட இங்கிலாந்தின் தொழிலாளர் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முட்டிபோட்டு வாசற்படியைக் கழுவி, ‘டாங்கி ஸ்டோன்’ என்ற கழுதைக் கல்லால் அதன் விளிம்பைத் தேய்த்து நிறமேற்றுவது வழக்கமாம். கல்தூளையும் சிமெண்டையும் வெளுப்புத்தூளையும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்த அந்தக் கட்டி, ஆலைகளில் எண்ணெய் படிந்த படிகள் வழுக்காமல் இருக்கத் தேய்ப்பதற்காக முதலில் வந்தது. பிறகு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கட்டியின் மேல் ஒரு நிறுவனம் கழுதை முத்திரையைப் பதித்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வெள்ளை, பாலேட்டு நிறம், பழுப்பு என மூன்று நிறங்களில் கிடைத்தது. காசு கொடுத்து வாங்குவதைவிட, பழைய துணிக்காரரின் வண்டி தெருவுக்குள் வரும்போது கந்தலைக் கொடுத்து மாற்றிக்கொள்வதே பெரும்பாலும் நடந்தது. நம் ஊரில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இங்கே பழைய துணிக்குக் கல் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு இரண்டு ஆண்டுகளாக வளர்ந்துதான் இந்த அக்டோபர் பயணமாகியிருக்கிறது. ஆன்ட்டி வளர்ந்த வாழ்க்கையின் மிச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று ஐந்து நாள் காரில் போய்ப் பார்ப்பது, அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவது என்று முடிவு செய்தோம். ஆன்ட்டி விதித்த நிபந்தனை ஒன்றே: எழுதியதை மறுநாள் காலை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், தவறு இருந்தால் திருத்த வேண்டும்.

முதலில் அவருடைய தெருவுக்குப் போனோம். தெரு என்று சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. சால்ஃபோர்டின் பெண்டில்டன் பகுதியில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, கொல்லைக் கோடியில் கழிப்பறை என்று சுவரோடு சுவர் ஒட்டி நின்ற வரிசை வீடுகளை அறுபதுகளில் இடித்துவிட்டு அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். ஆன்ட்டியின் தெரு இருந்த இடத்தில் இப்போது ஒரு புல்தரையும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. அவர் நடைபாதை விளிம்பில் நின்று, மூலைக்கடை இருந்த இடம் இதுதான் என்று நிச்சயம் செய்துகொண்டு, அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டே நடந்தார். ஒரு வீட்டின் முகப்புக்கு ஆறு அடி வைத்தால் போதும் என்று கணக்கு. ஆறு அடிக்கு ஒரு முறை நின்று, நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்தபடி, இந்த வீட்டில் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஆலையில் வேலை என்று சொல்லிக்கொண்டே போனார். காரில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ‘இல்லை லவ், நீ ஒருவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாய், அவ்வளவுதான்’ என்றார் ஆன்ட்டி.

அந்த முன்னறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடே இரண்டு அறை அகலம்கூட இல்லாதபோதும், தெருவைப் பார்த்த அறையைப் பல குடும்பங்கள் பூட்டாத குறையாகப் பொத்திவைத்திருந்தன. பாதிரியார் வந்தால், கிறிஸ்துமஸ் வந்தால், சாவு விழுந்தால்தான் அங்கே கணப்பு எரியும். பிள்ளைப்பேறு பார்க்கவும் இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடவும் தெருவில் ஒரே பெண்மணி இருந்தார். கதவைத் தட்டிக் கூப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே மேலங்கியோடு வருவார். ஒரு வீட்டில் சாவென்றால் தெரு முழுவதும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடும். மலர்வளையத்துக்காக ஒருவர் வீடு வீடாகச் சில்லறை சேர்ப்பார். யார் எவ்வளவு போட்டார் என்பது அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எல்லோர் நினைவிலும் இருக்கும் என்று சொல்லி ஆன்ட்டி சிரித்தார்.

பிற்பகலில் பீல் பூங்காவை ஒட்டிய சால்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதற்குள் லார்க் ஹில் பிளேஸ் என்ற ஒரு தெருவையே அமைத்திருக்கிறார்கள். நகரில் பழைய கடைகள் இடிபட்டுவந்த காலத்தில், அவற்றின் முகப்புகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்து 1957இல் திறந்தார்கள். மங்கிய மாலை வெளிச்சத்தில் கடைகளும் ஒரு மதுக்கடையும் நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் அது விக்டோரியா காலத்துத் தெரு. ‘இது என் பாட்டியின் காலம், எனக்கு இங்கே யாரையும் தெரியாது’ என்று ஆன்ட்டி சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். நகரம் ஒரு கையால் தெருக்களை இடித்துக்கொண்டே மறு கையால் ஒரு தெருவைப் பெட்டிக்குள் எடுத்துவைத்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

திரும்பும் வழியில் லௌரியின் ஓவியங்களைப் பார்த்தோம். குச்சி குச்சியாக மனிதர்கள் ஆலைகளை நோக்கிக் குனிந்து நடக்கும் அந்த ஓவியங்களை வரைந்தவர், 1952இல் ஓய்வு பெறும்வரை வாடகை வசூலிக்கும் வேலையில் இருந்தார். அதைச் சொன்னதும், வாடகைக்காரர் வரும் நாளில் அம்மாவும் தானும் மேசைக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததை ஆன்ட்டி நினைவுகூர்ந்தார். ‘அதனால்தான் பாதிப்பேரை முதுகுப்புறமாக வரைந்திருக்கிறார்.’

இரண்டாம் நாள்: ரோச்டேல்

காலையில் முதல் திருத்தம் வந்தது. வாடகைக்காரர் வந்தபோது ஒளிந்தது மேசைக்கு அடியில் அல்ல, மாடிப்படிக்குக் கீழேயிருந்த நிலக்கரி அறையில். மேசை, காப்பீட்டுக்காரருக்கு.

ரோச்டேலில் டோட் லேன் என்ற சிறு தெருவின் 31ஆம் எண் கட்டடம், உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கே தலைவாசல் போன்றது. 28 பேர் தலைக்கு ஒரு பவுண்டு போட்டு, 1844 டிசம்பர் 21 அன்று மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவற்றோடு இங்கே கடையைத் திறந்தார்கள். கலப்படமில்லாத பொருள், சரியான எடை, லாபத்தை வாங்கியவர்களுக்கே அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது என்பவைதாம் அவர்களுடைய கொள்கை. நம் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலைகள் வரை வந்து சேர்ந்த கொள்கை, பீப்பாய்கள்மேல் பலகை போட்டு மேசையாக்கிய இந்தக் கூடத்தில் தொடங்கியது என்பதை நேரில் பார்க்கும்போது சற்று நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

ஆன்ட்டிக்குக் கொள்கையில் அக்கறை இல்லை. அவருக்குக் கூட்டுறவுக் கடை என்றால் ‘டிவி’, அதாவது டிவிடெண்டு. கடைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவின் பங்கு எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். கடைக்காரர் கேட்டவுடன் ஒப்பிக்க வேண்டும். எண் தவறினால் லாபப்பங்கு வேறொரு வீட்டுக்குப் போய்விடும். தன் பிறந்தநாளைச் சொல்லத் தெரிவதற்கு முன்பே அந்த எண் தனக்குத் தெரியும் என்று சொல்லி, அதை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நின்று பள்ளிக்கூடக் குரலில் ஒப்பித்தார். அருகில் நின்ற இன்னொரு முதியவர், யாரும் கேட்காமலே தன் அம்மாவின் எண்ணை ஒப்பித்தார். ஆன்ட்டியின் எண்ணை இங்கே எழுதக்கூடாது என்பது உத்தரவு. கணக்கில் இன்னும் பணம் இருந்தால் யாராவது எடுத்துவிடுவார்களாம்.

சாப்பிடும்போது பேச்சு காசைப் பற்றியே போயிற்று. 1971 பிப்ரவரி 15 வரை இங்கே பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. அணாக் கணக்கில் வளர்ந்த நம் தாத்தாக்களுக்கு இது புரியும். சமையலறையில் காஸ் மீட்டர் இருக்கும். அதன் வாயில் பென்னி போட்டால்தான் அடுப்பு எரியும். சில வாரங்களுக்கு ஒரு முறை மீட்டர்க்காரர் வந்து, பெட்டியைத் திறந்து, காசு முழுவதையும் சாப்பாட்டு மேசையில் கொட்டி, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்குவார். கட்டணத்துக்கு மேல் சேர்ந்திருப்பதை அங்கேயே திருப்பிக் கொடுப்பார். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார் என்றால், அந்த வீட்டில் இன்றைக்குச் சில்லறை உண்டு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். கடன் கொடுத்தவர்கள் வந்து கதவடியில் நிற்பார்கள். திங்கட்கிழமை அடகுக்கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு வெள்ளிக்கிழமை சம்பளத்தில் மீண்டு வருவதும் இப்படித்தான் ஊரறிய நடக்கும். இந்த இடத்தில் ஆன்ட்டியின் குரல் கொஞ்சம் கடுமையாயிற்று. ‘எல்லோரும் கதவைத் திறந்தே வைத்திருந்தோம் என்று சொல்கிறார்களே, எடுத்துப் போக என்ன இருந்தது?’ என்றார். பழங்காலப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு அவ்வளவாக ஆகாது. நான் அப்படிப் பேச வாயெடுத்த இரண்டு முறையும் தேநீரைக் குடி என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள்: பர்ன்லி

ஹார்ல் சைக் என்ற இடத்தில் உள்ள குவீன் ஸ்ட்ரீட் ஆலை, நீராவி இயந்திரத்தின் பலத்திலேயே 1982 வரை துணி நெய்தது. இப்போது அருங்காட்சியகம். ‘பீஸ்’, அதாவது அமைதி என்று பெயர் வைத்த ஒரு பெரிய நீராவி இயந்திரம், கூரைக்குக் கீழே ஓடும் தண்டுகளையும் தோல்வார்களையும் சுழற்றித் தறிகளை ஓட்டுகிறது. கூடத்தில் சில நூறு தறிகள் வரிசையாக நிற்கின்றன. பார்வையாளர்களுக்காக அவற்றில் சிலவற்றைத்தான் ஓட்டினார்கள். குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ விசைத்தறிக் கூடத்து வாசலைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காதில் விழுவதைவிட நெஞ்சுக்கூட்டில் விழும் சத்தம் அது.

அந்தச் சத்தத்துக்குள் நாள் முழுவதும் வேலை செய்த பெண்கள் ‘மீ-மா’ என்று ஒரு பேச்சைப் பேசினார்கள். குரலே எழுப்பாமல், உதடுகளை அகல விரித்தும் குவித்தும், முகத்தாலும் கையாலும் பேசுவது. நான்கு தறிக்கு அப்பால் நிற்பவரோடு நேற்றைய சண்டையை ஒரு சொல் விடாமல் பேசி முடிக்கலாம். தறியை ஓட்டிக்காட்டிய பெண்மணி எங்களைப் பார்த்து அப்படி ஏதோ சொன்னார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆன்ட்டி உடனே, உதட்டாலேயே பதில் சொன்னார். வெளியே வந்ததும், அவள் நீ யார் என்று கேட்டாள், என் பக்கத்து வீட்டுப் பையன் என்றேன் என்று விளக்கினார். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது.

ஆன்ட்டிக்கு இந்தப் பேச்சைக் கற்றுக் கொடுத்தவர், பர்ன்லியில் தறி ஓட்டிவிட்டுச் சால்ஃபோர்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த வீட்டுப் பெண்மணி. சொந்தமில்லை, ஆனாலும் அவரும் ஆன்ட்டிதான். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இவரைப் பர்ன்லி ஆன்ட்டி என்று எழுதுகிறேன். கொல்லைச் சுவருக்கு அப்பாலிருந்து அவர் உதட்டைக் குவித்தால், எதிர்ச்சுவரில் சாய்ந்திருக்கும் பெண்களுக்குச் செய்தி போய்விடும். நடுவில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காது. கருப்பை, புற்றுநோய், புருஷன் அடித்தது, அடுத்த தெருவில் ஒரு பெண் அவசரமாக அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டது போன்ற விஷயங்களெல்லாம் அந்தப் பின்சந்தில் ஓசையில்லாமல்தான் பேசப்பட்டன. பிள்ளைகள் தெருமுனையில் குசுகுசுப்பதையும் அவர் தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்துப் படித்துவிடுவார் என்பதால், பொய் சொல்லும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

ஆலை வாசற்படியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்தபோதுதான் ஆன்ட்டி அந்தக் கல் விஷயத்தைச் சொன்னார். எந்த ஆண்டு என்று கேட்டேன். இனிப்புக்கு இருந்த ரேஷனை நீக்கிய குளிர்காலம் என்றார். அப்படியானால் 1953 பிப்ரவரி. அவருக்கு ஆறு வயது.

அம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி, எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா விடியுமுன் கப்பல்துறை வேலைக்குப் போய்விடுவார். மூன்று நாளாக வாசற்படி கழுவப்படவில்லை. அடுத்தடுத்த இரு வீடுகளின் கதவுகள் ஒட்டியே இருக்கும்; இரண்டு படிகளுக்கும் முன்னால் உள்ள நடைபாதைக் கல்லில், யார் எதுவரை கழுவுவது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டிக் கழுவினால், உன் வேலையை நீ செய்யவில்லை என்று தெருவுக்கே சொன்னதாக அர்த்தம். நான்காம் நாள் காலையில் பர்ன்லி ஆன்ட்டி வாளியோடு வந்து, தன் படியை முடித்த கையோடு, கோட்டைத் தாண்டி இவர்கள் படியையும் கழுவி, விளிம்பில் கல்லும் தேய்த்துவிட்டுப் போனார். மாடிப் படுக்கையிலிருந்த அம்மாவுக்குச் சுரண்டும் சத்தம் கேட்டுவிட்டது. மகளைக் கூப்பிட்டார். நன்றி சொல்லி அனுப்பப் போகிறார் என்று மகள் நினைத்தாள். அம்மா கேட்டது ஒரே கேள்வி: ‘என்ன நிறம்?’

பாலேட்டு நிறம். பர்ன்லி ஆன்ட்டியின் படி எப்போதும் அந்த நிறம்தான். இவர்கள் வீட்டுப் படி, பாட்டி காலத்திலிருந்தே வெள்ளை.

அம்மா இரவு உடைக்கு மேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து இறங்கி, முட்டிபோட்டு, எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் கழுவினார். வெள்ளைக்கல் வீட்டில் தீர்ந்து போயிருந்தது. படியை நிறமில்லாமல் வெறுமையாக விட்டுவிட்டு மேலே போய்ப் படுத்தவருக்கு, காய்ச்சல் இன்னும் இரண்டு நாள் ஏறியது. பர்ன்லி ஆன்ட்டி இதையெல்லாம் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரை அசைந்ததைச் சிறுமி பார்த்தாள். மறுநாள் துணிக்காரரின் வண்டி வந்தபோது, பர்ன்லி ஆன்ட்டி ஒரு பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்து வெள்ளைக்கல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த காலை வாசற்படி வெள்ளையாக இருந்தது. அம்மா குணமாகி எழுந்த பிறகும் இரண்டு பெண்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

ஆலையின் நீராவி இயந்திரத்தைப் பற்றி இன்னும் விரிவாக எழுத நினைத்திருந்தேன். குறிப்பேட்டில் அளவுகள்கூட எழுதிவைத்திருக்கிறேன். இன்று வேண்டாம் என்று தோன்றுகிறது.

நான்காம் நாள்: பீமிஷ்

பென்னைன் மலைகளைக் கடந்து டர்ஹாம் மாவட்டத்துக்கு மூன்று மணி நேரம் காரோட்டி நேற்று மாலையே வந்துவிட்டோம். தங்கிய விடுதியில் அறைச் சூடேற்றி வேலை செய்யவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அதைப் பார்க்க ஆளும் இல்லை. நான் புலம்பிக்கொண்டே இரண்டு ஸ்வெட்டரோடு தூங்கினேன். ஆன்ட்டி காலையில் உற்சாகமாக இருந்தார். அவர் குழந்தையாக இருந்தபோது, குளிர்கால விடியலில் படுக்கையறை ஜன்னலின் உட்புறத்தில் பனி, பெரணி இலை போலப் படர்ந்திருக்குமாம். நகத்தால் அதில் பெயர் எழுதலாம். போர்வைக்கு மேல் வீட்டிலுள்ள கோட்டுகளையெல்லாம் போட்டுக்கொண்டு, பள்ளி உடையைப் போர்வைக்குள் இழுத்து, படுத்தபடியே மாற்றிக்கொள்வது தனிக் கலை.

பீமிஷ் அருங்காட்சியகம் ஒரு கட்டடம் அல்ல, ஒரு பள்ளத்தாக்கு. வடகிழக்கு இங்கிலாந்தில் இடிபட இருந்த கடைகளையும் வீடுகளையும் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து எழுபதுகளிலிருந்து இங்கே எழுப்பிவருகிறார்கள். டிராம் ஓடுகிறது. சுரங்கக் கிராமத்துக் கடையில் மாட்டுக் கொழுப்பில் மீன் பொரிக்கிறார்கள். ஐம்பதுகளின் நகரம் என்ற பகுதியில் 2022இல் திறந்த கடைத்தெருவும் வீடுகளும் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

சமையலறையில் நுழைந்ததும் ஆன்ட்டி பொருள்களைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். கந்தல் துணியைத் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் குத்திச் செய்யும் விரிப்பை இந்தப் பக்கத்தில் ‘ப்ராகி’ என்கிறார்கள். குளிர்கால மாலைகளில் சட்டத்தில் சாக்கைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து குத்துவார்கள்; எந்தத் துண்டு யாருடைய கால்சட்டை என்று அதன்மேல் நடக்கும்போதெல்லாம் தெரியும்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். ஊர் முழுவதும் ஒரே நாள். செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். பிழியும் உருளையைச் சுழற்றுவது பிள்ளைகளின் வேலை. பின்சந்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நிலக்கரி வண்டி வந்தால் பெரிய ரகளை. வெள்ளைத்துணியைக் கடைசி அலசலில் நீலத்தில் முக்கி எடுப்பார்கள். ஹல் நகரில் தொடங்கிய ரெக்கிட் நிறுவனத்தின் நீலம். நம் ஊர் வீடுகளில் இருந்த ராபின் நீலமும் அதே நிறுவனத்துடையதுதான். என் பாட்டியும் ஆன்ட்டியின் அம்மாவும் ஒரே குடும்பத்து நீலத்தை வெவ்வேறு வாளிகளில் கரைத்திருக்கிறார்கள். குளவி கொட்டினாலும் அதையே தடவுவார்களாம். என் பாட்டி குளவிக்குச் சுண்ணாம்புதான் தடவினார்.

சனிக்கிழமை இரவு, கொல்லைச் சுவரில் ஆணியில் தொங்கும் தகரத் தொட்டியை உள்ளே எடுத்துவந்து கணப்புக்கு முன் வைப்பார்கள். ஒரே தண்ணீர், அழுக்குக் குறைந்தவர் முதலில், அப்பா கடைசியில். பர்ன்லி ஆன்ட்டி வீட்டில் தொட்டி ஓட்டையானபோது இவர்கள் தொட்டி சுவருக்கு மேலாகக் கைமாறிப் போய்வந்தது. கழிப்பறையில் குளிர்காலத்தில் குழாய் உறையாமல் இருக்க ஒரு சிறு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி ஆணியில் குத்திவைப்பார்கள். தொடர்கதையின் முடிவு எப்போதும் அடுத்தவர் கிழித்துக்கொண்டு போன துண்டில் இருக்கும் என்பது ஆன்ட்டியின் நெடுநாள் குறை.

அடுத்த வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1953 ஜூன் 2, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா. நாடெங்கும் 2 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்பது பெரிய செய்தி. சின்னச் செய்தி என்னவென்றால், ஆன்ட்டியின் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. தெரு முழுவதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. அந்த வீட்டுக்காரர், தெருவில் யாருக்கும் பிடிக்காத ஒரு கஞ்சர். அன்று எல்லோரும் அவரை சார் போட்டு அழைத்தார்கள். மறுநாளிலிருந்து பழையபடி.

பள்ளியில் இலவசமாகக் கொடுத்த மூன்றில் ஒரு பைண்ட் பாலைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆன்ட்டியின் முகம் சுளித்தது. குளிரில் பால் உறைந்து தகட்டு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆசிரியை அதைக் கணப்பருகே வைத்து இளக்கி, வெதுவெதுப்பாகக் குடிக்கச் சொல்வார். 1971இல் அரசு ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதை நிறுத்தியபோது நாடே கொந்தளித்தது. ஆன்ட்டிக்கு அதில் வருத்தமில்லை.

அந்தச் சமையலறையில் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வேறு குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒரு சிறுமி ஆன்ட்டியையும் அருங்காட்சியகத்தின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, பிழியும் உருளை எதற்கு என்று கேட்டாள். அவர் மறுக்காமல் விளக்கினார். விரலை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று அதிகமாகவே விளக்கினார்.

ஐந்தாம் நாள்: பிளாக்பூல்

திரும்பும் வழியில் கடற்கரைக்கு. காற்று குடையைத் திருப்பிவிட்டது. 1894இல் எழுப்பிய 158 மீட்டர்க் கோபுரத்தின் பாதி மேகத்துக்குள் இருந்தது.

ஆலை நகரங்களுக்கெல்லாம் ஆண்டில் ஒரு ‘வேக்ஸ்’ வாரம் உண்டு. அந்த வாரம் ஊரின் ஆலைகள் மொத்தமாக அடைக்கப்படும். புகைபோக்கிகள் நின்று வானம் தெளியும். ஊரே ரயிலேறிக் கடலுக்குப் போகும். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம் என்பதால், பிளாக்பூலில் ஒரு வாரம் போல்ட்டன், மறுவாரம் ஓல்டம் என்று ஊர்கள் மாறி மாறி வந்து இறங்கின. ஆண்டு முழுவதும் சுவருக்குச் சுவர் வாழ்ந்த சலிப்புத் தீர விடுமுறைக்குப் போனால், மணலில் அடுத்த சாய்வு நாற்காலியில் அதே பக்கத்து வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். ‘வந்துவிட்டீர்களா?’ என்று பர்ன்லி ஆன்ட்டி கேட்பாராம், ஏதோ ஆறு மாதம் பார்க்காதவர்போல. விடுதிக்காரப் பெண்மணிகளின் கெடுபிடி வேறு: காலை பத்து மணிக்கு வெளியே போனால் மாலைச் சாப்பாடுவரை உள்ளே வரக்கூடாது, மழை பெய்தாலும் சரி. மேசையில் உப்பையும் மிளகையும் பயன்படுத்தியதற்குத் தனியாகக் காசு போட்டவர்களும் உண்டு.

கடற்கரைச் சாலையில் ஒரு கடைக்குள் ஒதுங்கி மீனும் சிப்ஸும் தின்றபோது, தெரு இடிந்த கதையையும் கேட்டேன். 1964இல் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். குளியலறை உண்டு, வெந்நீர் உண்டு, ஈரச்சுவர் இல்லை. அம்மா முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வீடு பிடித்திருந்தது என்பதை ஆன்ட்டி இரண்டு முறை அழுத்திச் சொன்னார். ஆனால் வாசற்படி இல்லை. கதவுக்கு வெளியே பொதுவான சிமெண்டு நடை. அம்மா தன் கதவுக்கு முன்னால் இரண்டடி அகலத்துக்குக் காலையில் கழுவிவந்தார். அடுத்த வீட்டிலிருந்த இளம்பெண் அதைப் பார்த்து, நடை கழுவ ஆள் இருக்கிறார்களே என்று அன்பாகத்தான் சொன்னாள். பிறகு கழுவுவதை நிறுத்திவிட்டார். பர்ன்லி ஆன்ட்டிக்கு வேறு பகுதியில், வேறு கட்டடத்தில், மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது.

இரவு ஒன்பது மணிக்குப் போல்ட்டன் வந்து சேர்ந்தோம்.

பிற்சேர்க்கை: ஆன்ட்டி இன்று காலையில் வந்து மணியடித்தார். மூன்றாம் நாள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறதாம். பயணத்திலேயே சொல்ல நினைத்து விட்டுப்போயிற்றாம். துணிக்காரருக்குப் பர்ன்லி ஆன்ட்டி கொடுத்தது பழைய கம்பளிச் சட்டை அல்ல. வீட்டில் கந்தல் எதுவும் இல்லாததால், அவருடைய கணவர் சனிக்கிழமை இரவுகளில் போட்டுக்கொண்டு வெளியே போகும் நல்ல சட்டையைக் கொடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை அவர் அலமாரியைத் திறந்தும் மூடியும் அதைத் தேடிய சத்தம் சுவர் வழியாக இவர்கள் படுக்கையறையில் கேட்டது. அம்மா இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.